கார்ப்பரேஷன் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்ப்பது: இண்டியானா சிற்றூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இண்டியானா மாநிலத்தில் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் பெயரே ‘ஸ்கூல் கார்ப்பரேஷன்’. கொலம்பஸுக்கு வந்த புதிதில் பெரியவளைச் சேர்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தபோது, “இவ்வளவு தூரம் போயும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தானா?” என்று அம்மா கேட்டார். ஆமாம், அதேதான். இந்த ஊரில் கம்பெனி அதிகாரி வீட்டுப் பிள்ளையும் கடையில் பில் போடுகிறவர் வீட்டுப் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

கொலம்பஸ் என்றதும் ஒஹையோ மாநிலத் தலைநகரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அது இல்லை. டிக்கெட் போடும்போது கவனம். இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் காரில் வந்தால் இந்த ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. டீசல் என்ஜின் செய்யும் கம்மின்ஸின் தலைமையகம் இங்கே இருப்பதால் நம் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிற எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் நாங்கள் பட்டதையும் பார்த்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் வேறு சிற்றூருக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் வீடு

ஊரில் முதலில் பள்ளியைப் பிடிப்போம், அப்புறம் அதற்குத் தோதாக வீட்டையோ வேனையோ பார்ப்போம். இங்கே தலைகீழ். உங்கள் வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த எல்லையின் ஆரம்பப் பள்ளிதான் உங்களுக்கு. நுழைவுத் தேர்வு, டொனேஷன், எம்.எல்.ஏ. சிபாரிசு எதுவும் கிடையாது. அந்தப் பள்ளி நிரம்பியிருந்தால் அதே கார்ப்பரேஷனின் இன்னொரு பள்ளிக்கு அனுப்பலாமே தவிர, இடமில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள். லீஸில் கையெழுத்துப் போடும் முன் கார்ப்பரேஷனின் இணையதளத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்பது சாதாரணம்.

கொலம்பஸில் இருப்பது பார்த்தலோமியூ கன்சாலிடேட்டட் ஸ்கூல் கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.சி.எஸ்.சி. 6ஆம் வகுப்பு வரை 11 ஆரம்பப் பள்ளிகள். 7, 8க்கு சென்ட்ரல், நார்த்சைடு என்று இரண்டு மிடில் ஸ்கூல். 9லிருந்து 12 வரை கொலம்பஸ் நார்த் அல்லது கொலம்பஸ் ஈஸ்ட். பாடங்களைச் செயல்திட்டங்கள் வழியாக நடத்தும் சிக்னேச்சர் அகாடமி பள்ளிகளும் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று எண் போடும் ரேட்டிங் இணையதளத்தைத் திறந்து 7க்கும் 8க்கும் நடுவில் தவித்துக்கொண்டிருப்பார்கள். அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வருவது. தேர்வு மதிப்பெண்ணோ அந்தப் பகுதிப் பெற்றோரின் வருமானத்தை ஒட்டியே ஏறி இறங்கும். ஒரே நிர்வாகம், ஒரே பாடத்திட்டம் உள்ள சின்ன ஊரில் அந்த வித்தியாசத்துக்காக மாதம் 300 டாலர் கூடுதல் வாடகை கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். ஜனவரிப் பனியில் வண்டி ஓட்ட வேண்டிய தூரத்தைப் பாருங்கள்.

ரேட்டிங்கில் வராத சங்கதி ஒன்று உண்டு. 1950களில் கம்மின்ஸ் தலைவர் ஜே. இர்வின் மில்லர் ஊருக்கு ஒரு ஏற்பாடு சொன்னார்: நல்ல கட்டடக்கலைஞரை வைத்துப் பள்ளி கட்டுங்கள், அவருக்கான கட்டணத்தை கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். அப்படி முதலில் எழுந்தது ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் ஆரம்பப் பள்ளி, 1957ல். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐ. எம். பெய் வடிவமைத்த பொது நூலகம் 1969ல் வந்தது. உங்கள் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடும் நடைபாதையைப் படமெடுக்க வெளியூர் ஆட்கள் கேமராவோடு நிற்பார்கள். பழகிக்கொள்ள வேண்டும். அந்த நூலகத்தில் முதல் வாரமே உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள். முகவரிச் சான்று காட்டினால் போதும், காசு கிடையாது.

ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு. இங்கே வந்ததும் இவற்றோடு லீஸ், ஒரு மின்சாரப் பில். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இருந்தால் காலியாக விடலாம். எச்-4ல், அதாவது வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்கான விசாவில், வரும் குழந்தைக்கு அது கிடைக்காது, அதற்காகச் சேர்க்க மறுக்கவும் கூடாது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிக் குழந்தைக்குக் கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. டி.சி.யை இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வாங்கி வையுங்கள், திரும்பிப் போக நேர்ந்தால் ஊரில் கேட்பார்கள்.

பிள்ளை 9ஆம் வகுப்போ அதற்கு மேலோ என்றால் கூடுதலாக ஒரு வேலை. 60 சதவீதம் நமக்கு முதல் வகுப்பு. இங்கே பல பள்ளிகளின் கணக்கில் 60 என்பது தோல்வியின் விளிம்பு. மார்க் ஷீட்டை அப்படியே நீட்டினால் நன்றாகப் படிக்கும் பிள்ளை சுமாரான பிள்ளையாகப் பதிவாகிவிடும் அபாயம் உண்டு. எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன தரம் என்பதைப் பழைய பள்ளியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு ஒரு பக்கம் எழுதி வாங்கி வாருங்கள். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் உட்கார்ந்து பார்ப்பார்.

அப்புறம் பெயர். இது நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனை முதல் நாள் வருகைப் பதிவில் ‘ஃப்னூ’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தான். விசா எடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. அதற்கு நேரமில்லாமல் வந்துவிட்டால், சேர்க்கைப் படிவத்தில் ‘அழைக்கும் பெயர்’ என்ற கட்டம் இருக்கும்; அதை நிரப்பி, வகுப்பாசிரியருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தடுப்பூசிக் கணக்கு

எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நிம்மதியாக வந்து இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நாங்களும் மாட்டினோம். அட்டையை வாங்கிப் பார்த்த நர்ஸ் மூன்று இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் வட்டம் போலியோ. 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்காவில் கணக்கில் எடுப்பதில்லை. அதிலிருந்து ஒரு வகை வைரஸ் நீக்கப்பட்டு இரண்டு வகைக்கு மட்டுமான மருந்தாக மாறியதுதான் காரணம். போலியோ ஊசி போட்ட பதிவு வேண்டும். இரண்டாவது தட்டம்மை. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது செல்லாது, நம் ஊரில் ஒன்பதாம் மாதம் போடுவது அப்படிப் போய்விடும். அதோடு அரசு மருத்துவமனையில் போடும் எம்.ஆர். ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. இங்கே அதுவும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை கேட்பார்கள். மூன்றாவது சின்னம்மை, கூடவே ஹெபடைட்டிஸ் ஏ. இவை நம் அரசு அட்டவணையில் இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டிருந்தால் தனித் தாளில் இருக்கும், தேடி எடுங்கள்.

விடுபட்டதை ஊரிலேயே போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தால் செலவு மிச்சம். இங்கே வந்துதான் போட வேண்டுமென்றால், இன்ஷூரன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் கேளுங்கள். இன்னொன்று: பி.சி.ஜி. போட்ட குழந்தைக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். யாராவது அந்தப் பரிசோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள்.

எந்த வகுப்பில் போடுவார்கள்?

வயதைப் பார்த்துத்தான் போடுவார்கள், படித்த வகுப்பைப் பார்த்து அல்ல. தமிழ்நாட்டில் ஐந்தரை வயதில் ஒன்றாம் வகுப்பு ஏறும் பிள்ளைகள் நிறைய. இங்கே ஒன்றாம் வகுப்பு என்றால் ஆறு முடிந்திருக்க வேண்டும். அதனால் ஏப்ரலில் 5ஆம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை ஆகஸ்டில் மறுபடி ஐந்திலேயே உட்காரலாம். ஒரு வருஷம் போச்சே என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு யோசித்தால், தன்னைவிட ஒரு வயது பெரிய, அரை அடி உயரமான பிள்ளைகளுக்கு நடுவில் புது உச்சரிப்போடு அவளை நிறுத்தி என்ன சாதிக்கப் போகிறோம்? விட்டுவிட்டோம். உயர்நிலைப் பள்ளியில் மட்டும் இதைக் கொஞ்சம் அழுத்திப் பேசலாம். அங்கே வகுப்பைத் தீர்மானிப்பது வயதைவிட, பாடங்களை முடித்துச் சேர்த்த கிரெடிட்டுகள்தான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். ஆங்கிலம் என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று யாராவது காதில் ஓதுவார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை பெரும்பாலும் படிப்பிலும் எழுத்திலும் தாண்டிவிடும், பேச்சில் கொஞ்சம் திணறலாம். தேறாவிட்டால் கூடுதல் உதவி, அதுவும் இலவசம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இந்த உதவி இன்னொரு வகையில் முக்கியம். இண்டியானாவில் 3ஆம் வகுப்பில் ஐ-ரீட் என்றொரு வாசிப்புத் தேர்வு உண்டு. 2024ல் வந்த சட்டப்படி அதில் தேறாதவர்கள், சில விலக்குகள் போக, மூன்றாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும்.

முதல் மாதம்

அவசரத் தொடர்புக்குப் பெற்றோர் தவிர உள்ளூரில் இரண்டு பேர் பெயர் கேட்பார்கள். வந்து பத்து நாளில் யாரைத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள். சின்ன ஊரில் அதைப் பாரமாக நினைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சந்தோஷமாகத் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆப்பிள் பை கொண்டுவந்தார்.

மஞ்சள் பஸ் இலவசம். அது நின்று சிவப்பு விளக்குப் போட்டால் இருவழிச் சாலையில் எதிரே வரும் நீங்களும் நிற்க வேண்டும். லைசன்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் நம்மவர்கள் அபராதம் கட்டுவது இதற்காகத்தான். பாடப்புத்தகத்துக்கு இண்டியானாவில் முன்பு வாடகை வாங்கினார்கள், 2023 ஜூலையிலிருந்து அரசுப் பள்ளிகளில் அது கிடையாது.

சாப்பாட்டு நேரம் இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான். அதில் வரிசையும் அடக்கம். சாம்பார் சாதம் பாதி அப்படியே திரும்பி வரும். இட்லி, சப்பாத்திச் சுருள், தயிர் சாதம் சரிப்படும். பள்ளிச் சாப்பாடு வாங்கும் சைவப் பிள்ளைக்கு, பீட்சா மேல் இருக்கும் வட்டத் துண்டு இறைச்சி என்பதையும், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். பையில் குரோசின் மாத்திரையைப் போட்டு அனுப்பாதீர்கள். காய்ச்சல் மாத்திரையானாலும் படிவத்தோடு நர்ஸிடம்தான் கொடுக்க வேண்டும். பிள்ளை அதை நண்பனுக்கு நீட்டினால் ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும்.

சூறாவளி ஒத்திகை என்று நடைபாதையில் வரிசையாகக் குனிந்து உட்கார வைப்பார்கள். அது விளையாட்டுப் போலப் போய்விடும். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் மூலையில் உட்கார வைக்கும் ஒத்திகை வேறு. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்பதற்கானது. ஊரிலிருந்து வந்த குழந்தைக்கு இது புரியாது. முதல் ஒத்திகைக்கு முன் நீங்களே வீட்டில் நிதானமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, சின்னவன் ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை.

படிப்பிலோ கவனத்திலோ பிள்ளை தடுமாறுவதாகத் தோன்றினால், மதிப்பீடு செய்யச் சொல்லிப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. நீங்கள் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கெடு ஓடத் தொடங்கும். சிறப்புக் கல்வி இங்கே 1975 முதல் சட்டப்படியான உரிமை, செலவும் பள்ளியுடையது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்க்க இந்த ஊரில் நம்மவர்கள் நாலு பேர்தான் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும் லீவு

டிசம்பரில் ஐந்து வாரம் மதுரைக்குப் போய் வரலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இண்டியானாவில் அனுமதியில்லாத விடுப்பு ஒரு வருஷத்தில் 10 நாளைத் தொட்டால் அது சட்டப்படி ‘தொடர்ந்து பள்ளிக்கு மட்டம் போடுதல்’. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பது எப்போதும் அனுமதிக்கப்பட்ட விடுப்பில் சேராது. ஜூன், ஜூலையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதமும் டிக்கெட் விலை அழ வைக்கும், என்ன செய்வது. கட்டாயம் போயாக வேண்டுமென்றால் முதல்வருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

7ஆம் வகுப்பில் முடிவாகும் கணக்கு

உயர்நிலைப் பள்ளியில் யோசித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் கணக்குப் பாடத்தில் மட்டும் ஏமாந்துவிடுவார்கள். 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்த பிள்ளை வழக்கமான வரிசையில் 12ல் கால்குலஸுக்கு வந்துவிடும். 9ல் தொடங்கினால் இடையில் ஒரு படி தாண்ட வேண்டியிருக்கும். எந்தப் பாதை என்பது மிடில் ஸ்கூல் நுழையும்போதே தேர்வு மதிப்பெண்ணையும் ஆசிரியர் சொல்வதையும் வைத்து முடிவாகிறது. புதிதாக வந்த பிள்ளைக்குப் பழைய மதிப்பெண் எதுவும் அவர்களிடம் இருக்காது. எனவே எந்த நிலைக் கணக்கு வகுப்பில் போடலாம் என்று பார்க்கும் தேர்வைச் சேர்க்கும் அன்றே வைக்கச் சொல்லுங்கள்.

9ஆம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும் சராசரியில் சேரும். 12ல் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை இண்டியானா அரசுப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பினர் எல்லோருக்கும் பள்ளியிலேயே இலவசமாக வைக்கிறார்கள். 2029ல் முடிக்கும் வகுப்பிலிருந்து டிப்ளமோ (இங்கே பள்ளி முடித்ததற்கான சான்றிதழ்) விதிகளே மாறியிருப்பதால், அண்ணன் படித்த பாடத்தைத் தம்பிக்குச் சொல்லாமல் கவுன்சிலரைக் கேளுங்கள்.

சின்ன ஊர்ப் பள்ளியில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் பெருநகரப் பள்ளியில் இருக்கும் அளவுக்கு இருக்காது. அதை ஈடுகட்டுவது டூயல் கிரெடிட். பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்து இரண்டு பக்கமும் கிரெடிட் வாங்கலாம். ‘இண்டியானா காலேஜ் கோர்’ என்ற 30 கிரெடிட் தொகுப்பை முடித்துவிட்டால் மாநில அரசுக் கல்லூரிகள் எல்லாம் அதை அப்படியே ஏற்கும். ஏறக்குறைய ஒரு வருஷக் கல்லூரிக் கட்டணம் மிச்சம்.

கல்லூரி, விசா, 21 வயது

இண்டியானாவின் அரசுப் பல்கலைக்கழகமான பர்டூவில் இண்டியானா வாசிக்கு வருடக் கட்டணம் 10,000 டாலருக்குச் சற்றுக் கீழே. 2013 முதல் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். வெளிமாநிலத்தவருக்கு அது 29,000ஐ நெருங்கும். விடுதியும் சாப்பாடும் இரண்டிலும் தனி. ஆகவே உள்மாநிலத்தவர் என்று ஆவதுதான் பெரிய உதவித்தொகை. எச்-4ல் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகை உண்டா, எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நண்பர் சொன்னதை நம்பாமல் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். மத்திய அரசின் கல்வி உதவிக்கு எச்-4 பிள்ளைகள் தகுதி பெறுவதில்லை.

21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கும் இந்தியக் குடும்பத்துப் பிள்ளை கல்லூரி நடுவில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரும், அப்போது கட்டணமும் மாறலாம். பிள்ளை 9ஆம் வகுப்பில் இருக்கும்போதே விசா வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இண்டியானாவின் சிற்றூர்களில் சிறிய தனியார் கல்லூரிகளும் உண்டு. கிரீன்காசிலில் டிபா, கிராஃபோர்ட்ஸ்வில்லில் ஆண்களுக்கு மட்டுமான வாபாஷ், ரிச்மண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய எர்ல்ஹம். விளம்பரத்தில் போட்ட கட்டணத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். அதை முழுதாகக் கட்டுகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும், உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் நிகரக் கட்டணக் கணிப்பான் இருக்கும்; உதவித்தொகை வெளிநாட்டவருக்கு உண்டா என்று தனியாக மின்னஞ்சலில் கேளுங்கள். ஊரிலிருந்து நேராக இப்படியொரு கல்லூரிக்கு வரும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிறிஸ்துமஸுக்குப் பல கல்லூரிகளில் விடுதியும் மெஸ்ஸும் மூடிவிடும், கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. அக்டோபரிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, பிள்ளையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எச்-4 அம்மா, அப்பாக்களுக்கு. வேலைக்குப் போகத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்க வேண்டாம். கொலம்பஸின் வடக்கே பழைய விமானப்படைத் தளம் இருந்த இடத்தில் ஐவி டெக் கம்யூனிட்டி காலேஜும் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கொலம்பஸ் வளாகமும் பர்டூவின் பாலிடெக்னிக் பிரிவும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நான் அங்கே அக்கவுண்டிங்கில் ஒரே ஒரு பாடத்தோடு தொடங்கினேன், வகுப்பில் பக்கத்து இருக்கையில் எங்கள் தபால்காரர். சேர்க்கை அலுவலகத்தில் கூட்டம் இருக்காது. ஆகஸ்ட் நடுவில் மட்டும் போகாதீர்கள்.